காரணம் சொல்ல வேண்டியவர் யார்?

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆந் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஏறக்குறைய 5,900 ஏக்கர் நிலத்தைக் குறிப்பிட்டது. அந்நிலத்திற் பாத்தியதை உடையோர் மூன்று மாதங்களுள் தம் உரிமையை எடுத்துரைக்க வேண்டும் என்றும், தவறின் அது அரசின் காணியாகும் என்றும் கூறிற்று. எதிர்ப்பு எழுந்தது. விடயம் உயர் நீதிமன்றம் சென்றது. தவணை முடியுந் தறுவாயில், ஜூன் மாத இறுதியில், நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றுக்கொண்டது. பத்திரிகைகள் அதனை ஒரு வெற்றியாக எழுதின. பிறகு வேறு செய்திகளுக்குச் சென்றுவிட்டன.

அவ்வறிவித்தலின் நோக்கம் நிலத்தைப் பறிப்பதன்று, உரிமையைத் தெளிவுபடுத்துவதே என்று அரசாங்கத் தரப்பிற் சொல்லப்பட்டது. அப்படியே இருக்கட்டும். நோக்கத்தைப் பற்றி வழக்காட நான் வரவில்லை. நான் கேட்பது வேறு. பாட்டனும் பூட்டனும் உழுத மண்ணில் நிற்கும் கமக்காரன் ஒருவன், அது தன்னுடையது என்று மூன்று மாதத்தில் நிரூபிக்க வேண்டும். அதனைத் தனது என்று சொல்லும் அரசாங்கமோ எதனையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த முறை எங்கிருந்து வந்தது?

அது புதிய முறையன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்பின்றியும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரிய நிலம் என்றே கொள்ளப்படும் என விதித்தது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலம் அது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் அதே வழியில் நடந்து, அறிவித்தல் கொடுத்து மூன்று மாதத் தவணை வைத்தது. அதன் பின் வந்ததே 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம். 2025இல் வெளியான அறிவித்தல் இச்சட்டத்தின் கீழ் வந்ததாகும். முடி போயிற்று, 1948இற் சுதந்திரம் வந்தது, 1972இற் குடியரசு வந்தது. நிரூபிக்க வேண்டியவன் குடிமகன் என்ற ஏற்பாடு மட்டும் அசையாமல் இருந்துவிட்டது. வெள்ளையர் வைத்துச் சென்ற எத்தனையோ பொருள்களை நாம் பெயர் மாற்றினோம். இதனைப் பெயர்கூட மாற்றாமல் வைத்துக்கொண்டோம்.

நிரூபிக்க வேண்டிய பாரம் என்பது நீதிமன்றத்தில் அப்புக்காத்துமார் பேசிக்கொள்ளும் நுணுக்கம் என்று கமக்காரர் எண்ணிவிடலாகாது. உறுதி வேண்டும். அந்த உறுதிக்கு முந்திய உறுதி வேண்டும். நில அளவைப் படம் வேண்டும். போரில் இடம்பெயர்ந்தபோது பெட்டகத்தில் இருந்த கடதாசிகள் எரிந்தவர் உளர். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்க, ஊரில் அறிவித்தலை வாசிக்கவும் ஆளில்லாத வளவுகள் உள. ஊர் மாடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த தரவைக்கு எவன் உறுதி முடித்து வைத்திருந்தான்? பயிரிடப்படாத நிலம் அரசுக்குரியது என்னும் சட்டத்தின்முன், முப்பது ஆண்டு பயிரிட விடாமல் துரத்தப்பட்டவன் எவ்வாறு நிற்பான்?

தனிமனித சுதந்திரம் என்று நாம் பேசும்போதெல்லாம் பேச்சுரிமை, வாக்குரிமை, கூட்டங்கூடும் உரிமை என்ற பெரிய வார்த்தைகளே நாவில் வருகின்றன. அவை பெரியவைதாம். ஆயினும் ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எத்தனை முறை மேடையேறிப் பேசுகிறான்? அவன் நாள்தோறும் காணி உழுகிறான், வண்டி ஏறுகிறான், விடுதியில் தங்குகிறான், கந்தோர் வாசலில் நிற்கிறான். அங்கெல்லாம் அவன் சுதந்திரன்தானா என்பதை அளக்க எனக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. ‘ஏன்?’ என்று கேட்பவர் யார், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதே அது. அரசாங்கம் தன் செயலுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருந்தால் அது எல்லைக்குட்பட்ட அரசாங்கம். குடிமகன் தான் இருப்பதற்கே காரணம் சொல்ல வேண்டியிருந்தால், அங்கே தேர்தல் எத்தனை நடந்தாலும் பயனில்லை.

விடுதி என்றேன். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி அதிகாலையிற் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தவரும் தொழில் தேடி வந்தவரும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவரும் அவ்விடுதிகளில் இருந்தனர். அவர்கள் கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். விரும்பிய இடத்துக்குச் செல்லவும் இந்நாட்டில் விரும்பிய இடத்தில் வாழவும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை கூறுகிறது. தகுந்த காரணம் காட்டினால் என்று அது கூறவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்தது. நீதிமன்றத்துக்கு நன்றி சொல்வோம். ஆனால் அந்தப் பேருந்துகளில் இருந்தவர்களுக்குச் சுதந்திரம் எங்கே இருந்தது?

பாரத்தைப் புரட்டிவிடுவதன் கொடுமையை முழுமையாகக் காண விரும்புவோர் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவருக்கு முன்னே கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலம் சாட்சியாகும். அது அச்சுறுத்திப் பெறப்பட்டதாயின் அதனை நிரூபிக்க வேண்டியவர் எதிரியே. பூட்டிய அறைக்குள் நடந்ததை, உள்ளே அடைபட்டிருந்தவன் எந்தச் சாட்சியைக் கொண்டு நிரூபிப்பான்? தமிழ் இளைஞர் ஒருவர் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்திற் பெருவிரல் அடையாளம் இட்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகியது. இவ்வாறு பாரத்தை எதிரியின் தலையிற் சுமத்துவது நீதியான விசாரணைக்கு முரண் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் முடிவு சொன்னது. மூன்றாண்டுக்கென்று கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது; 2022இல் திருத்தப்பட்டது; அப்போதும் நீக்கப்படவில்லை. தற்காலிகம் என்ற சொல்லை அரசாங்கத்தின் வாயிற் கேட்கும்போது நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது.

இவ்வளவும் சொல்வதால், அரசாங்கமே வேண்டாம் என்பவனாக என்னை யாரும் எண்ண வேண்டாம். இலவசப் பாடசாலையிற் படித்து, அரசாங்க ஆசுபத்திரியில் மருந்து வாங்கி வளர்ந்த சமூகம் நம்முடையது. பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்கலாகாது என்ற சட்டத்தில் எனக்கு எவ்வித குறையும் இல்லை. ஷெல் அடியில் தலையிழந்து நின்ற பனைகளைப் பார்த்தவருக்கு அதற்குக் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. அச்சட்டம் ஒரு செயலைத் தடுக்கிறது. காரணம் கண்முன் நிற்கிறது.

ஆனால் 2021ஆம் ஆண்டு மே 6ஆந் திகதிய வர்த்தமானியை நினையுங்கள். இரசாயனப் பசளையினதும் கிருமிநாசினியினதும் இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. அடுத்த பெரும்போகத்துக்கு விதைக்கவிருந்த கமக்காரரை யார் கேட்டார்கள்? மண்ணுக்கு நஞ்சு வேண்டாம் என்ற எண்ணத்தில் உண்மை இல்லாமலில்லை. வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதும், நம் வெங்காயத் தோட்டத்துப் பசளைக்கு அதிற் பங்கிருப்பதும் ஆய்வாளர் பல்லாண்டாகச் சொல்லி வருவனவே. பத்து ஆண்டு எடுத்து, ஊர் ஊராகச் சென்று, பரிசோதித்துக் காட்டிச் செய்திருக்க வேண்டிய காரியம் அது. ஒரு மனிதரின் விருப்பம் ஒரு காகிதத்தில் அச்சாகி இருபது இலட்சம் பேரின் வயலில் இறங்கியது. பயிர் மஞ்சளித்தது. நவம்பரில் தடை நீங்கியபோது விதைப்பு முடிந்துவிட்டது. பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டுச் சென்றார். பசளை ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆயினும், கொழும்பு வீதிக்குப் போராட்டம் வருமுன் வயல் வரம்பில் அது தொடங்கிவிட்டது என்பதைக் கமக்காரர் அறிவர்.

இங்கே நம்மவர் நெஞ்சில் கைவைத்துச் சிந்திக்க வேண்டியதும் உண்டு. 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கைநிறையச் சம்பாதித்தனர். கல்வீடுகள் எழுந்தன. அதே ஆண்டுகளில் அரிசி கொண்டுசெல்வோரை வழிமறித்துச் சோதித்த தடைகளை நாம் சபித்தோம். மிளகாய்க்கு விலை ஏற்றிய தடையைச் சபித்தவர் எவரும் இலர். 1977இன் பின் கதவு திறந்து விலை விழுந்தபோது மட்டும் அரசாங்கம் நம்மைக் கைவிட்டது என்றோம். நமக்கு ஆதாயமான கட்டுப்பாட்டுக்கு நாம் வைக்கும் பெயர் ‘பாதுகாப்பு’.

வீட்டுக்குள்ளும் வருவோம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியையேனும் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது என 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைச் சட்டம் விதித்தது. கணவன் நியாயமின்றி மறுத்தால், அல்லது அவளைக் கைவிட்டுச் சென்றிருந்தால், அவள் மாவட்ட நீதிமன்றத்தை அணுகி அனுமதி கேட்கலாம். தன் காணிக்குத் தானே காரணம் சொல்ல வேண்டும்! காணாமற்போன கணவனுக்காக ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் பெண்ணொருத்தி நொத்தாரிசிடம் சென்றால், அவளுக்கு முன்னே வந்து நிற்பது கொழும்பு அரசாங்கமன்று, நம் வழமை. வர்த்தமானியை எதிர்த்து ஊர்வலம் சென்ற நாம் இதனை எதிர்த்து எத்தனை வரி எழுதியிருக்கிறோம்? இதைச் சொன்னால் வழமையைக் காட்டிக்கொடுப்பதாக முகம் சுளிப்பவர் உளர். கோயில் வாசலில் எவரையும் சாதி பாராட்டித் தடுக்கலாகாது என்று 1957இல் சட்டம் வந்த பின்னும், 1968இல் மாவிட்டபுரத்தில் என்ன நடந்தது என்பதை அவர்களே நினைவுகூரட்டும்.

‘கோழி மேய்த்தாலும் கோறணமெந்தில் மேய்க்க வேண்டும்’ என்று சொல்லி வளர்ந்த சமூகம் நாம். கோழி மேய்த்தவர் கையில் முத்திரை வந்ததும், அவரே கந்தோர் மேசைக்குப் பின்னாலிருந்து ‘நாளைக்கு வா’ என்றார். கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் கமக்காரனை நிற்கவைப்பவர் பெரும்பாலும் நம் பிள்ளைகளே. மொழி தமிழ்தான், வாங்கு இருக்கிறது, இருக்கச் சொல்வோர் இல்லை.

நல்ல திசையிலும் சில அடிகள் வைக்கப்பட்டுள்ளன. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினாற் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிட்டு ஆட்சியுரிமை கோரலாகாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதே ஆண்டில் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கேட்பவன் ஏன் கேட்கிறான் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுக்கும் கந்தோரே காரணம் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைத்தாளும் ஒரு பேனையும் போதும். பசளை யார் யாருக்குப் பங்கிடப்பட்டது, குளத்துத் திருத்தத்துக்கு வந்த பணம் எங்கே என்று நம் கமக்காரர் அமைப்புகள் இதுவரை எத்தனை விண்ணப்பம் எழுதின?

படித்தோருக்கு ஒரு வேலை இருக்கிறது. 2025இன் அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. 1931இன் சட்டம் அதனோடு போய்விடவில்லை. அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்று எவரும் சொல்ல முடியாது. சட்டத்தரணி, நொத்தாரிசு, நில அளவையாளர் என்போர் மாதத்தில் ஒரு ஞாயிறு கிராமத்துச் சனசமூக நிலையத்தில் வந்து அமர்வார்களாயின், உறுதி உள்ளவர் அதன் பிரதியை எடுத்துவைக்கலாம்; இல்லாதவர் காணிப் பதிவகத்திற் தேடத் தொடங்கலாம்; வெளிநாட்டிற் பிள்ளைகள் உள்ளோர் அற்றோணித் தத்துவம் எழுதி வாங்கலாம். மூன்று மாதத் தவணை தொடங்கிய பின் இவற்றையெல்லாம் செய்ய நாள் போதாது.