சுண்ணாம்புப் பொடி மேல் பழி போடாதீங்க!

கல்யாண வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால் முறிந்தால் உடனே கிளம்பும் பேச்சு என்ன? "சுண்ணாம்புப் பொடியைக் கலந்து ஏமாத்திட்டான்யா!" டிப்ளமோ படிக்கும் நாமும் அதையே சொல்லலாமா? கூடாது என்பதே என் கட்சி.

நாற்காலி செய்யும் பாலிபுரொப்பிலீனில் கால்சியம் கார்பனேட் பொடி சேர்ப்பது, பாலில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அல்ல. விலை குறைகிறது, உண்மைதான். கூடவே வளையாத விறைப்பும் கிடைக்கிறது. கார் பம்பருக்கும் டாஷ்போர்டுக்கும் டால்க் பொடி சேர்க்கிறார்களே, அதை யாராவது கலப்படம் என்கிறோமா?

கோளாறு வேறிடத்தில். கல்பொடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இயல்பாகவே ஒட்டாது. சும்மா கொட்டினால் பொடி கட்டி கட்டியாய்த் திரளும்; பாரம் ஏறினால் விரிசல் பிறப்பது அங்கேதான். அதற்குத்தான் ஸ்டியரிக் அமிலப் பூச்சு. அதன் ஒரு முனை பொடியைப் பிடித்துக்கொள்ளும், நீண்ட வால் பிளாஸ்டிக் பக்கம் நிற்கும், பொடி சீராய்ப் பரவும். பொடியின் எடையில் சுமார் 1 சதவீதம் போதும். அந்த ஒன்றை மிச்சம் பிடிக்கிறவர்தான் பொடியின் பெயரைக் கெடுக்கிறார். நம்ம பக்கத்துப் பழைய கொத்தனார்கள் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்தது எதற்காம்? (காரை காற்றில் இறுகி ஆவதும் இதே கால்சியம் கார்பனேட்தான்!)

அடுத்தது மெஷின். பாலிபுரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகும். 200க்கு மேல் சூடேற்றித்தான் அச்சில் தள்ளுகிறார்கள். சீக்கிரம் ஓடட்டும் என்று சூட்டை இன்னும் ஏற்றினால் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, பொருள் பட்டென்று உடையும். பொடியில் ஈரம் இருந்தால் மேலே வெள்ளிக் கோடு, உள்ளே குமிழ். "உலர்த்த நேரமில்லை, ஓட்டுப்பா" என்று சூப்பர்வைசர் சொன்னால்? நாளைக்கு அந்த மெஷின் முன்னால் நிற்கப்போவது நம்மில் பலர்தானே! செஞ்சி வெயிலில் கிடக்கும் நாற்காலிக்குப் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானமும் வேண்டும். அதை விட்டுவிட்டால் பொடியே போடாத நாற்காலியும் நொறுங்கும்.

கனமாக இருந்தால் கெட்டி என்று தூக்கிப் பார்த்து வாங்குகிறார்களே, அதுதான் வேடிக்கை. பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.9, பொடியுடையது 2.7. பொடி ஏற ஏற கனமும் ஏறும். உடைந்த துண்டைத் தண்ணியில் போடுங்கள். மூழ்கினால் எடையில் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் பொடி. மூழ்கியதெல்லாம் மட்டம் என்று அர்த்தமில்லை.

நாற்காலியின் அடியில் பெயரைப் பதிக்கும் கம்பெனிகள், பொடி எத்தனை சதவீதம், எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையும் பதிக்கட்டும். பந்தல்காரர் நூறு நாற்காலி வாங்குவது கடன் வாங்கித்தான். சோதித்துச் சொல்ல சென்னை கிண்டியில் 1968 முதல் சிப்பெட் இருக்கிறது. நம்ம யூனியன் அடுத்த டூரை அங்கே போடலாமே?