வார இறுதிச் சான்றிதழும் எம்மவரின் மனவடுக்களும்

புரோசார்டில் வாழும் தாயார் ஒருவர் அண்மையில் ஒரு துண்டுப் பிரசுரத்தை எம்முன் நீட்டினார். நான்கு வார இறுதிகளில் ‘சான்றிதழ் பெற்ற ஹிப்னோதெரபிஸ்ட்’ ஆகலாம் என்றும், முன் தகைமை எதுவும் தேவையில்லை என்றும், வீட்டிலிருந்தே தொழில் தொடங்கலாம் என்றும் அதில் அச்சிடப்பட்டிருந்தது. கட்டணம் சில ஆயிரம் டொலர். முழுவதையும் முன்கூட்டியே செலுத்தினால் கழிவு உண்டாம். பத்தொன்பது வயதான மகளை இதிற் சேர்க்கலாமா என்பதே அந்தத் தாயாரின் கேள்வி.

மகளைப் பற்றி வினவினோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் உளவியல் படிக்க விரும்புவதாக அந்தப் பிள்ளை வீட்டில் கூறியிருக்கின்றாள். “விசர் ஆக்களைப் பார்க்கிற வேலை எங்களுக்கு எதற்கு?” என்று தகப்பனார் தடுத்துவிட்டார். கணக்கியலுக்கு அனுப்பினார்கள், அது பிள்ளைக்கு ஒட்டவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் ஆறேழு ஆண்டுகள் கற்க வேண்டிய ஒன்றை எட்டு நாட்களிற் கற்பிப்பதாகச் சொல்லும் ஒருவரிடம், அதே பெற்றோர் காசோலை எழுத ஆயத்தமாக நிற்கின்றனர். இக்கட்டுரை முதலில் பெற்றோருக்கே எழுதப்படுகின்றது.

கியூபெக் மாகாணத்தில் ‘ஹிப்னோதெரபிஸ்ட்’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதற்கென ஒரு தொழில்வாண்மைச் சபையும் இல்லை. நாளை காலை எவரும் அப்பெயரைத் தம் கதவிற் பொறித்துக் கொள்ளலாம். அவ்வாறாயின், ‘சான்றிதழ் பெற்ற’ என்பதன் பொருள் யாது? சான்றிதழை வழங்கியவர் பயிற்சியை விற்றவரே. அல்லது அவரும் அவரைப் போன்றோரும் சேர்ந்து அமைத்துக் கொண்ட தனியார் சங்கம். ‘சர்வதேச’ என்ற அடைமொழியைச் சேர்ப்பதற்கும் எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

ஆனால், பெயர் சுதந்திரமாக விடப்பட்டிருப்பதால் தொழிலும் சுதந்திரமானது என்று எண்ணுவோர் பெரும் பள்ளத்தில் விழுவர். ஒரு காலத்தில் இம்மாகாணத்தில் ‘உளச்சிகிச்சையாளர்’ என்ற பெயரையும் எவரும் சூடிக்கொள்ள முடிந்தது. அதனால் விளைந்த தீங்குகளைக் கண்டு, மருத்துவர் ஜோன்-பேர்னார் துரூதோ தலைமையிலான நிபுணர் குழு 2005இல் அறிக்கை அளித்தது. 2009இல் தேசிய சட்டமன்றம் 21ஆம் இலக்கச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. 2012 ஜூன் 21 முதல் உளச்சிகிச்சை என்பது மருத்துவர்களுக்கும், உளவியலாளர்களுக்கும், கியூபெக் உளவியலாளர் சபையின் அனுமதிப் பத்திரம் பெற்றோருக்கும் மட்டுமே உரிய செயலாயிற்று. உளச்சிகிச்சை எது என்பதையும் சட்டம் வரையறுத்துள்ளது: மனநோய்க்கோ, நடத்தைக் குழப்பத்துக்கோ, உளத் துன்பத்தைத் தரும் வேறு பிரச்சினைக்கோ, ஒருவரின் சிந்தனையிலும் உணர்விலும் நடத்தையிலும் குறிப்பிடத்தக்க மாற்றத்தை நாடி அளிக்கப்படும் உளவியற் சிகிச்சை. அன்றாடச் சங்கடங்களுக்கான ஆறுதலும் ஆலோசனையும் அதற்குள் அடங்கா.

அந்தத் துண்டுப் பிரசுரத்தை மறுபடியும் எடுத்துப் பார்ப்போம். பதற்றம், மனச்சோர்வு, சிறுவயதுக் காயங்கள், போர் நினைவுகள் என்று அதில் நிரற்படுத்தப்பட்டிருப்பவை எவை? ஏறக்குறைய அனைத்தும் சட்டம் ஒதுக்கி வைத்த எல்லைக்குள் வருபவை. சிகிச்சைக்கு அறிதுயிலைப் பயன்படுத்தினாலும் வேறெதைப் பயன்படுத்தினாலும், செய்யப்படுவது உளச்சிகிச்சையாயின் அனுமதிப் பத்திரம் வேண்டும். இல்லாதவருக்கு ஒவ்வொரு குற்றத்துக்கும் தண்டப்பணம் 2,500 டொலரில் தொடங்குகின்றது. எட்டு நாட் பயிற்சியை விற்றவர் அதைக் கட்டப் போவதில்லை. கட்டப் போவது உங்கள் மகள்.

அறிதுயில் பொய் என்று நாம் கூற வரவில்லை. அதன் வரலாற்றில் எம் பக்கத்து மனிதருக்கும் இடமுண்டு. கோவாவிற் பிறந்த அபே ஃபாரியா என்ற பாதிரியார் 1813 அளவில் பரிசில் அதனைச் செய்து காட்டி, ஆற்றல் துயிலச் செய்பவரின் கையில் இல்லை, துயில்பவரின் மனத்திலேயே உள்ளது என்று வாதிட்டார். வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் 1845 முதல், மயக்க மருந்து அறியப்படாத நிலையில், மெஸ்மரிசத் துயிலில் ஆழ்த்திப் பெரும் சத்திரசிகிச்சைகளைச் செய்தார். எமது மூத்த தலைமுறைக்கோ அறிதுயில் என்றதும் நினைவுக்கு வருபவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் தாவரவியல் கற்பித்த அந்தப் பகுத்தறிவாளர், பேய் பிடித்ததாகவும் சூனியம் வைக்கப்பட்டதாகவும் அஞ்சியவர்களை அறிதுயிலின் துணையோடு அணுகிய கதைகளை ஒருகாலத்தில் ஊரே வாசித்தது. (அக்கதைகளைப் படித்துவிட்டுத் தம்பி தங்கையரை உறங்க வைக்க முயன்று அடி வாங்கியவர்கள் இதனை வாசிப்போரிலும் இருக்கக்கூடும்.)

இன்றைய ஆய்வு அதற்கும் அப்பாற் சென்றுள்ளது. மன்செஸ்ரரில் மருத்துவர் பீற்றர் வோர்வெல் குழுவினர், குடல் எரிச்சல் நோய்க்கு அறிதுயில் பயன்படுவதை 1984இல் ‘லான்செற்’ இதழில் வெளியிட்டனர். ஆற்றுக்கு அப்பால், மொன்றியலிலேயே, பியேர் ரான்வில் குழுவினர் 1997இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, வலியின் துன்ப உணர்வை அறிதுயிற் கருத்தூட்டல் மாற்றும்போது மூளையின் எப்பகுதியில் மாற்றம் நிகழ்கின்றது என்பதைப் படம் பிடித்துக் காட்டியது. இவற்றைச் செய்தவர்கள் யார்? முதலில் மருத்துவமோ உளவியலோ நரம்பியலோ முறையாகக் கற்று, பின்னர் அறிதுயிலைக் கையிலெடுத்தவர்கள். பல் வைத்தியர் தம் நோயாளியின் அச்சத்தைத் தணிக்கவும், தாதியர் தீக்காயத்துக்கு மருந்து கட்டும்போதும் அதனைப் பயன்படுத்தலாம். அது ஒரு கருவி. சத்திரசிகிச்சைக் கத்தியைப் பிடிக்கும் முறையை மட்டும் எட்டு நாட்களிற் பழகிய ஒருவரிடம் நீங்கள் வயிற்றைக் காட்டுவீர்களா?

எமது சமூகத்தைப் பொறுத்தவரை ஆபத்து இன்னும் ஆழமானது. இந்தப் பயிற்சியை முடித்து வரும் இளையோரிடம் முதலில் வரப் போகின்றவர்கள் யார்? தமிழ் பேசும் சிகிச்சையாளரைத் தேடியலையும் எம்மவரே. 1983ஐக் கண்டவர்கள், இடப்பெயர்வுகளைக் கடந்தவர்கள், 2009இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளை விட்டு வந்தவர்கள், தடுப்பு முகாம்களில் நடந்ததைக் கணவனிடங்கூடச் சொல்லாத பெண்கள். யாழ்ப்பாணத்திற் போர்க்காலத்திற் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் இக்காயங்களை விரிவாகப் பதிவு செய்தார். அத்தகைய ஒருவரைக் கண்மூடச் செய்து, “அந்த நாளுக்குத் திரும்பிப் போங்கள்” என்று சொல்வது எளிது. அவர் அங்கிருந்து அலறியபடி எழும்போது என்ன செய்வது என்பதை எந்த வார இறுதியிற் கற்பிக்கின்றார்கள்? தற்கொலை எண்ணத்தை எவ்வாறு இனங்காண்பது, எப்போது மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதற்கு அப்பிரசுரத்தில் ஒரு வரியும் இல்லை. ‘முற்பிறவிக்கு அழைத்துச் செல்லல்’ என்பதற்கோ ஒரு முழு நாள் ஒதுக்கப்பட்டிருக்கின்றது.

நினைவு பற்றியும் தெளிவாகப் பேசியாக வேண்டும். அறிதுயில் நினைவை மீட்டெடுக்கின்றது என்பது திரைப்படங்கள் வளர்த்த நம்பிக்கை. உண்மையில் அது புதிய நினைவுகளைப் பின்னவும் கூடும். அவ்வாறு பின்னப்பட்டதை உண்மையென்று உறுதியாக நம்பவும் வைக்கும். ரொறன்ரோவில் 1992இல் நடந்த ஒரு கொலை வழக்கிற் சாட்சியொருவர், சந்தேகநபரைத் தாம் கண்ட நாளை அறிதுயிலுக்குப் பின்னர் மாற்றிக் கூறினார். அவ்வழக்கில் (துரோக்கிம் வழக்கு) கனடிய உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தபோது, அறிதுயிலுக்குப் பின்னரான சாட்சியம் பொதுவாக ஏற்கத் தக்கதன்று என்று வரையறுத்தது. இதை எம் நிலையோடு பொருத்திப் பாருங்கள். அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருக்கும் ஓர் இளைஞர், தூக்கமின்மைக்கென்று அயலிலுள்ள ‘ஹிப்னோதெரபிஸ்ட்’டிடம் செல்கின்றார். தடுப்புக்காவல் நாட்களுக்குத் ‘திருப்பி அழைத்து’ச் செல்லப்படுகின்றார். பின்னர் விசாரணையில் நாளும் இடமும் முன்னர் எழுதிக் கொடுத்ததோடு முரண்படுகின்றன. முரண்பாடு நம்பகத்தன்மையை எப்படி உடைக்கும் என்பதை இங்குள்ள எந்தக் குடும்பத்துக்கும் விளக்க வேண்டியதில்லை.

பட்டம் பெற்றவர்கள் தீங்கு செய்வதில்லையா என்று கேட்பீர்கள். செய்திருக்கின்றார்கள். மொன்றியலின் அலன் நினைவு நிலையத்தில் 1957 முதல் 1964 வரை, உலகப் புகழ் பெற்ற உளமருத்துவர் இயூவன் கமரன், அமெரிக்க உளவுத்துறையின் பணத்தோடு நோயாளிகளின் மனங்களைச் சிதைத்த வரலாறு வெளிவந்தது. 1992இல் கனடிய அரசு பாதிக்கப்பட்டோர் பலருக்கு இழப்பீடு அறிவித்தது. ஆகவே பட்டத்தை வணங்குமாறு நாம் கோரவில்லை. இன்று சபை உறுப்பினர் ஒருவருக்கு எதிராக நீங்கள் முறையிடலாம்; அதை விசாரிக்கச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அதிகாரி இருக்கின்றார்; ஒழுக்காற்று மன்றம் இருக்கின்றது; உறுப்பினர் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். எட்டு நாட் சான்றிதழ்காரரிடம் பாதிக்கப்பட்டவர் எங்கே போவார்? 2011 ஜூலையில் டிரமண்ட்வில்லுக்கு அண்மையில், ‘உள வளர்ச்சி’ப் பயிற்சியொன்றில் உடல் முழுவதும் சேறு பூசிப் பொலித்தீனாற் சுற்றப்பட்டிருந்த பெண்ணொருவர் உடற்சூடு ஏறி உயிரிழந்தார். அப்பயிற்சியை நடத்தியவர் 2014இல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இனி, அந்தத் தாயாருக்கு நாம் கூறியவற்றைச் சொல்வோம். பிள்ளை பிறர் மனத் துன்பத்தைத் தணிக்க விரும்புகின்றாளாயின் அது விலைமதிப்பற்ற விருப்பம், தடுக்காதீர்கள். புரோசார்டிலிருந்து லொங்கேயில் உள்ள எடுவார்ட்-மொன்பெற்றி கல்லூரியும் சென்-லம்பேரில் உள்ள சம்ப்ளெயின் கல்லூரியும் தொலைவில் இல்லை. 2023 ஜூலையிற் தொடங்கிய இலகு தொடருந்தில் ஏறினால் மொன்றியல் மைய நிலையம். அங்கிருந்து மெக்கில், மொன்றியல் பல்கலைக்கழகம் முதலியன. சமூகப் பணியில் இளங்கலைப் பட்டம் பெற்றுச் சபையில் உறுப்பினராகலாம். தாதியியலிற் தொடங்கலாம். உளவியலாளராக முனைவர் பட்டம் வேண்டும். அது நீண்ட பாதை. உளச்சிகிச்சை அனுமதிப் பத்திரத்துக்கு முதுகலைப் பட்டமும், உரிய சபையொன்றின் உறுப்புரிமையும், 765 மணிநேரக் கோட்பாட்டுப் பயிற்சியும், 600 மணிநேர மேற்பார்வையுடனான செயல்முறைப் பயிற்சியும் தேவை. நான்கு வார இறுதிகள் என்பன அறுபது மணிநேரந்தானும் வருமோ என்று கூட்டிப் பாருங்கள். அந்தத் தகைமையைப் பெற்ற பின்னர் அறிதுயிலைத் தாராளமாகக் கற்கட்டும். அப்போது அவளுக்கு அது பயன்படும். அவளிடம் வருபவருக்கும் பயன்படும்.

மொழி குறித்தும் ஒரு சொல். 101ஆம் சட்டம் எம் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பியதென்று குறைபட்ட பெற்றோர் பலர். இன்று சபை எதிலும் சேரப் பிரெஞ்சு அறிவு கட்டாயம். எம் பிள்ளைகளிடம் அது இருக்கின்றது. அதோடு ஆங்கிலமும் தமிழும். இம்மூன்றையும் கொண்டு ஒரு மூதாட்டியின் துயரை மருத்துவக் குறிப்பாக மாற்றக்கூடியவர்கள் தென்கரையில் எத்தனை பேர் இருக்கக்கூடும்? மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் மாணவருக்குத் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்தார். அவரிடம் கற்றவர்கள் ஆண்டுக்கணக்காகக் கற்றே வைத்தியர் ஆனார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. அரச கல்வி அனுமதி பெற்ற நிலையங்களுக்குத் தனி விதிகள் உள்ளன. அவ்வாறன்றித் தனியார் ஒருவர் நடத்தும் பயிற்சிக்குப் பொதுவாகக் கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பயிற்சி தொடங்குமுன் பணம் வாங்கக் கூடாது. கட்டணத்தை ஏறத்தாழச் சமமான இரு தவணைகளாயினும் ஆக்க வேண்டும். தொடங்குமுன் விலகினாற் செலவின்றி விலகலாம். தொடங்கிய பின் விலகினால், பெற்ற பயிற்சிக்குரிய பணமும், 50 டொலர் அல்லது எஞ்சிய பயிற்சியின் பெறுமதியில் 10 வீதம் இவற்றிற் குறைந்த தொகையும் மட்டுமே கொடுக்க வேண்டும். ‘முழுவதையும் முன்கூட்டியே செலுத்தினாற் கழிவு’ என்ற வரி எதைச் சொல்லாமற் சொல்கின்றது என்பதை இப்போது விளங்கிக் கொள்வீர்கள்.

தாயார் துண்டுப் பிரசுரத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். மகளை அடுத்த முறை அழைத்து வருவதாகச் சொன்னார். தகப்பனாரையும் அழைத்து வருமாறு கேட்டிருக்கின்றோம்.