மானக்கேடு எது?

மலங்கழிக்கையில் கத்தியால் அறுப்பது போன்ற வலியும் இரண்டு சொட்டு இரத்தமும் கண்டால் நம் மக்கள் செய்வதென்ன? வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார்கள், கர்மவினை என்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள், கடைசியில் சுவர் விளம்பரம் பார்த்துப் போலி வைத்தியனிடம் பணத்தையும் உடம்பையும் ஒப்படைக்கிறார்கள்.

நாம் கேட்கிறோம்: இதில் கர்மம் எங்கே வந்தது? தாயத்து மலத்தை இளக்குமா? பெரும்பாலும் இறுகிய மலமே ஆசனவாயின் மெல்லிய தோலைக் கிழிக்கிறது. வலிக்குப் பயந்து அடக்கினால் அது இன்னும் இறுகும். வெடிப்பு இன்னும் கிழியும். சங்கதி இவ்வளவுதான்.

கீரை, காய், பழம், தவிடு நீக்காத தானியம் இவற்றால் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து, போதிய தண்ணீர், முக்காதிருத்தல், மலங்கழித்தபின் 10, 15 நிமிஷம் வெதுவெதுப்பான நீரில் உட்காருதல். புதிய வெடிப்புகளில் பெரும்பாலானவை இவற்றாலேயே சில வாரங்களில் ஆறிவிடும். 6 வாரம் கடந்தும் ஆறாவிட்டால் இறுகிய தசையைத் தளர்த்தும் களிம்பு உண்டு. அதற்கும் மிஞ்சினால் சிறு அறுவை உண்டு. ஆனால் இரத்தம் வேறு நோயாலும் வரலாமாகையால், டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும்.

தோழர்களே! உடம்பின் ஓர் உறுப்பைப் பற்றிப் பேசுவது மானக்கேடல்ல. அறிவை அடகு வைத்துத் தாயத்துக்குக் காசு கொடுப்பதே மானக்கேடு என்கிறோம்.