கம்பெனிகளும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

ராயகிரியில் ஒருவர் ஐந்து சென்ட் மனை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன செய்வார்? ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய் வில்லங்க சர்டிபிகேட் எடுப்பார். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று விசாரிப்பார். பங்காளித் தகராறு இருப்பதாகத் தெரிந்தால், கொத்தனார்கூட அஸ்திவாரம் தோண்டத் தயங்குவார். "தாவா முடியட்டும் அண்ணாச்சி, அப்புறம் பார்க்கலாம்" என்பார்.

இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு இன்னொன்றும் தெரியும். மேற்கே மலையில் செண்பகவல்லி அணை உடைந்து கிடக்கிறது. தண்ணீர் வேண்டியது நமக்கு. ஆனால் அணை இருப்பது கேரளக் காட்டுக்குள். அந்த அரசின் சம்மதம் இல்லாமல் ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்க முடியாது.

ஆனால் பெரிய கம்பெனிகள் சில, இரண்டு நாடுகள் "எனது, எனது" என்று சொல்லும் இடத்தில் துணிந்து கட்டிடம் எழுப்புகின்றன. இது சரிதானா?

சிந்து நதி அணை

கில்கித்-பால்டிஸ்தான், ஜம்மு காஷ்மீரைச் சேர்ந்த பகுதி. 1947-ல் காஷ்மீர் மன்னர் இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டதால் அது தனக்குச் சொந்தம் என்பது இந்தியாவின் வாதம். ஆனால் அது இருப்பது பாகிஸ்தான் கையில். அங்கே சிந்து நதியின் குறுக்கே 272 மீட்டர் உயரத்துக்கு டயாமர்-பாஷா அணை கட்ட, 2020 மே மாதம் ஒப்பந்தம் ஆயிற்று. தொகை 44,200 கோடி பாகிஸ்தான் ரூபாய். எடுத்தது சீன அரசின் கம்பெனி ஒன்று. பாகிஸ்தான் ராணுவத்தின் கட்டுமான அமைப்பு அதற்குக் கூட்டாளி. இந்தியா உடனே ஆட்சேபம் தெரிவித்தது. வேலை நிற்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அதற்கு முன்பே பாகிஸ்தான் உலக வங்கியிடம் கடன் கேட்டது. "இந்தியாவின் சம்மதக் கடிதம் வேண்டும்" என்றது வங்கி. கடன் கொடுக்கிறவன் வில்லங்கம் பார்க்கிறான். கட்டுகிறவன் பார்ப்பதில்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

1949-ல் ஜெனீவாவில் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. போரில் பிடித்த நிலத்தில், பிடித்த நாடு தன் சொந்த ஜனங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றக் கூடாது என்கிறது அது. ஆனால் அதில் கையெழுத்துப் போட்டவை அரசுகள். கம்பெனிகள் அல்ல. இந்த ஓட்டை வழியாகத்தான் கம்பெனிகள் தப்பிக்கின்றன.

பாலஸ்தீனத்தில் பிலின் என்று ஒரு கிராமம். ஒலிவ மரங்களை நம்பிப் பிழைக்கிற ஊர். அதன் நிலத்தில் இஸ்ரேலியருக்கு அடுக்கு வீடுகள் கட்டப்பட்டன. கட்டியவற்றுள் இரண்டு கம்பெனிகள் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பதிவானவை. கிராமத்தார் 2008-ல் அங்கேயே போய் வழக்குப் போட்டார்கள். தெரிந்தே இத்தகைய குடியேற்றத்துக்குத் துணை போவது குற்றமே என்று நீதிபதி ஒத்துக்கொண்டார். ஆனால் "வழக்கை இஸ்ரேல் கோர்ட்டில் நடத்துங்கள்" என்று 2009-ல் தள்ளிவிட்டார்.

ஜெருசலேம் டிராம் பாதை வழக்கும் இப்படியே. 2013-ல் பிரெஞ்சு கோர்ட்டு, அந்த உடன்படிக்கை கம்பெனிகளைக் கட்டாது என்று சொல்லிவிட்டது.

அது தாவா நிலம்தான், பிடித்த நிலம் அல்ல என்பது இஸ்ரேலின் வாதம். சர்வதேச கோர்ட்டு 2004-லும் 2024-லும் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

அப்படியானால் முதலாளிகளைத் தொடவே முடியாதா? தொட்டிருக்கிறார்கள். 1948-ல் நியூரம்பெர்க்கில், ஜெர்மனி பிடித்த நாடுகளில் தொழிற்சாலைகளைச் சூறையாடியதற்கும், அடிமை வேலை வாங்கியதற்கும் குருப் கம்பெனி முதலாளிக்கு 12 ஆண்டு சிறை விதித்தார்கள். (மூன்றே ஆண்டில் வெளியே வந்துவிட்டார். அது வேறு கதை!)

பெயரைச் சொன்னால் போதுமா?

இஸ்ரேலியக் குடியேற்றங்களில் தொழில் நடத்தும் கம்பெனிகளின் பெயர்களை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2020-ல் வெளியிட்டது. மொத்தம் 112 கம்பெனிகள். 2025-ல் அது 158 ஆயிற்று. பட்டியலில் பெயர் வந்தால் அபராதம் இல்லை, சிறை இல்லை. வெட்கம் மட்டுமே. வெட்கப்பட்டு விலகிய கம்பெனிகளும் உண்டு. வெட்கத்தை மட்டும் நம்பி எத்தனை நாள் இருப்பது?

ஒவ்வொரு நாடும் தன் நாட்டில் பதிவான கம்பெனியைத் தானே கேள்வி கேட்க வேண்டும் என்பது நம் கருத்து. சீனக் கம்பெனியைச் சீனா கேட்கட்டும். நமது கம்பெனி வெளிநாட்டில் இப்படிப்பட்ட இடத்தில் காண்டிராக்ட் எடுத்தால், இந்திய அரசு கேட்கட்டும். கில்கித்தில் நாம் ஆட்சேபம் சொல்வது நியாயம் என்றால், இதுவும் நியாயமே. அரசு வங்கிகள் கடன் கொடுக்குமுன் "நிலம் யாருடையது?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேட்பதை, வேலை தொடங்குமுன்பே கேட்க வேண்டும். பிலின் கிராமத்து நிலத்தின் குறுக்கே போட்ட வேலியை மாற்றும்படி 2007-ல் இஸ்ரேல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2011-ல் வேலி நகர்ந்தது. நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. ஆனால் கட்டி முடித்த வீடுகளை இடிக்க அதே கோர்ட்டு மறுத்துவிட்டது. அந்த வீடுகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன.