கேளாச் செவிக்கு இன்னும் எத்தனை ஒற்றர்?

நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு நேரும்போதெல்லாம் ஒரு குரல் தவறாது எழுகின்றது. புலனாய்வுத் துறை தோற்றுவிட்டது. ஆதலால் அதற்கு மேலும் அதிகாரம் வழங்குக என்பதே அக்குரல். கற்றோர் பலரும் இதனை ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றனர். மூன்று நெருக்கடிகளை ஒப்பு நோக்கின் இக்கூற்றின் வறுமை புலனாகும்.

1962 ஒக்டோபர் 14ஆந் திகதி அமெரிக்க உளவு விமானமொன்று கியூபாவிலிருந்த சோவியத் ஏவுகணைத் தளங்களைப் படம்பிடித்தது. சோவியத் ஒன்றியம் அவற்றை அங்கு நிறுவ முற்படாதென்றே அமெரிக்கப் புலனாய்வாளர் முந்திய மாதம் மதிப்பிட்டிருந்தனர். மதிப்பீடு பொய்த்தது, ஆயினும் போர் மூளவில்லை. படைத் தளபதிகள் விமானத் தாக்குதலை வற்புறுத்தியபோதும், கென்னடி ஏறத்தாழ ஒரு வாரம் மாறுபட்ட கருத்துக்களைக் கேட்டபின்னரே கடல் முற்றுகையைத் தெரிந்தார். குறுந்தூர அணுவாயுதங்களும் அத்தீவில் இருந்தமை பல்லாண்டுகளின் பின்னரே வெளியாயிற்று. அன்று உலகைக் காத்தது முழுமையான தகவலன்று. தகவலை ஐயுற்று ஆராய்ந்த நிதானமே.

1973இல் இஸ்ரேலிடம் தகவல் மிகுந்திருந்தது. எகிப்திய, சிரியப் படைகள் குவிவதை அது அறிந்திருந்தது. செப்டெம்பர் 25இல் யோர்தான் மன்னர் ஹுசைன் பிரதமர் கோல்டா மேயரை நேரிற் கண்டு எச்சரித்தார். எனினும், நெடுந்தூர விமான வலிமை பெறாத எகிப்து போர் தொடுக்காது என்னும் முன்முடிபு இராணுவப் புலனாய்வுத் தலைமையின் கண்ணை மறைத்தது. ஒக்டோபர் 6இல் போர் மூண்டது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். தேவாலயங்கள் இலக்காகலாம் என்னும் எச்சரிக்கை 2019 ஏப்ரல் 4ஆந் திகதியே இந்தியாவிலிருந்து கிடைத்தது. அது அலுவலகங்களிடையே கடிதமாக அலைந்தது, தேவாலயங்களை எட்டவில்லை. 2018ஆம் ஆண்டின் அரசியல் நெருக்கடிக்குப் பின்னர் பிரதமர் தேசிய பாதுகாப்புச் சபைக்கு அழைக்கப்படவுமில்லை. பதினேழு நாட்களின் பின் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கொழும்பு விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய ஜனாதிபதியும் பாதுகாப்பு, பொலிஸ், புலனாய்வு உயர் அதிகாரிகளும் அடிப்படை உரிமைகளை மீறினர் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதிகாரம் போதாமையாலா இவ்வழிவு நேர்ந்தது? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதலே உள்ளதன்றோ? தாக்குதலின் பின் அச்சட்டம் யார்மேற் பாய்ந்தது? 'நவரசம்' என்னும் கவிதை நூலை எழுதிய இளைஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதாகி, ஒன்றரை ஆண்டுக்கு மேலாகச் சிறையிருந்தார். 2023இலேயே நீதிமன்றம் அவரை விடுவித்தது. எச்சரிக்கைக் கடிதத்தைப் பொருட்படுத்தாத அரசு, தமிழ்க் கவிதையிற் பயங்கரவாதம் தேடியது! இதுவே மிகுந்த அதிகாரத்தின் விளைவு.

புலனாய்வே வேண்டாமென்பது எமது வாதமன்று. ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றன்வழி ஒப்பிட்டறியுமாறே பணித்தார். ஐயுறவும் சரிபார்ப்பும் ஆட்சியாளர் கடமை என்பது இதனாற் பெறப்படும். கிடைத்த எச்சரிக்கைக்கு என்ன செய்தீர் என்று பாராளுமன்றமும் நீதிமன்றமும் மக்களும் வினவும் நிலையே உண்மையான பாதுகாப்பாகும். அவ்வினாவை எழுப்பாது மேலும் அதிகாரம் கோருவோர், தவறிழைத்தவருக்கே பரிசு வழங்கக் கேட்கின்றனர். பல்கலைக்கழகத்தார் அக்கோரிக்கைக்குத் துணைபோதல் தகாது.