படகில் வந்த மருமகளுக்கு ஏழு ஆண்டு போதாதா?

கனடாவில் இருக்கும் மகன் மனைவிக்கு ஸ்பான்சர் செய்துவிட்டு பி.ஆருக்காகக் காத்திருப்பதை ஊரில் எல்லோரும் பேசுகிறோம். நம் மாவட்டத்திலேயே லெணாவிலக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழர்களின் காத்திருப்பை யாரும் பேசுவதில்லை.

1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி, இந்தியரை மணந்த வெளிநாட்டவர் ஏழு ஆண்டு இங்கே வசித்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால் அந்த வழி அடைப்பு. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர்களை அரசு அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு மருமகள் 1990-ல் சிறுமியாகப் படகில் வந்தவர். கணவர் நம்மூர்க்காரர். இன்றுவரை அந்த அம்மாவுக்குக் குடியுரிமை இல்லை. பிள்ளைகளுக்கும் சிக்கல்தான். 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவே இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிறப்பால் குடியுரிமை கிடையாது.

குண்டுக்குப் பயந்து ஓடிவருகிறவர் பாஸ்போர்ட் ஆபீசில் வரிசையில் நிற்க முடியுமா? வந்தவர்களின் பெயரைப் பதிந்து, அட்டை கொடுத்து, மாதந்தோறும் பணக்கொடை வழங்கி வருவதும் அரசுதான். அப்படிப் பதிவேட்டில் இருப்பவரை ஒளிந்து குடியேறியவர் என்று எப்படிச் சொல்வது?

2021-ல் முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள், வரவேற்றேன். இனி மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, முகாமில் பதிந்த நாளிலிருந்தே அந்த ஏழு ஆண்டைக் கணக்கிட வேண்டும். நம் பிள்ளைகளுக்காகக் கனடாவிடம் எதிர்பார்ப்பதை, நம் வீட்டு மருமகளுக்காக டெல்லியிடம் கேட்பதில் தவறில்லை.