கரை காத்தல்

மாமல்லபுரத்திற்குச் செல்வோர், அங்குள்ள குன்றின் சரிவில் நிற்கும் பெரும்பாறையைக் கண்டு வியவாமல் மீள்வதில்லை. 'கண்ணனின் வெண்ணெய் உருண்டை' என மக்கள் வழங்கும் அப்பாறை ஏறத்தாழ 20 அடி உயரமுடையது. இதோ உருளப்போகிறது என்று தோன்றினும் அஃது உருளாமல் நிற்கிறது. ஆயினும், அதனினும் போற்றத்தக்கது ஒன்று செங்கற்பட்டுச் சீமையெங்கும் உண்டு. அதுவே ஏரிக்கரை. பாறை தானே நிற்கிறது. கரையோ மக்களின் உழைப்பால் நிற்கிறது.

வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கினால் கல்லும் தேயும். பாறையின் வெடிப்புகளில் நீர் புகுகிறது. மூலைகளும் விளிம்புகளும் முதலில் சிதைகின்றன. எஞ்சிய நடுப்பகுதி உருண்டை வடிவம் பெறுகிறது. சிதைந்த பகுதி மணலாகவும் களிமண்ணாகவும் மாறுகிறது. இதற்கு நெடுங்காலம் வேண்டும். மண்ணால் ஆகிய கரை தளர்வதற்கோ சில கோடைகளும் மழைகளும் போதும்.

சித்திரை வெயிலில் கரையின் களிமண் நீரிழந்து சுருங்கி வெடிக்கிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்பொழுது, அவ்வெடிப்புகளின் வழியே நீர் உள்ளே இறங்குகிறது. மண் உப்பி நெகிழ்கிறது. அதன் எடை மிகுகிறது. துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமை குறைகிறது. அந்நிலையில் சரிவு வழுக்கி விழுகிறது. சென்ற ஆண்டு வெடித்த இடமே அடுத்த ஆண்டு மேலும் ஆழமாக வெடிக்கிறது. ஆதலின், மழைக்காலத்து உடைப்பு, கவனியாது விட்ட கோடையிலேயே கருக்கொள்கிறது எனலாம்.

இவ்வுண்மையை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்றே ஒரு வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. ஊரார் கூடித் தூர்வாரிக் கரையைச் செப்பனிடும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. மதுராந்தகத்தில் கோயில் கொண்ட இராமர் 'ஏரி காத்த இராமர்' என அழைக்கப்படுகிறார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், லயனல் பிளேசு என்பார் கலெக்டராக இருந்தபொழுது, பெருமழையில் உடையவிருந்த கரையை இராமர் காத்தருளினார் என்பது அவ்வூர் வழக்கு. கரை உடைதலை மக்கள் எத்துணை அஞ்சினர் என்பதற்கு இதுவே சான்றாகும்.

சிமெண்டுப் பூச்சு இருக்கையில் ஆண்டுதோறும் பாடுபடுவது எதற்கு எனச் சிலர் வினவுவர். அடியிலுள்ள மண் சுருங்கியும் உப்பியும் அசையுமாயின், மேற்பூச்சும் விரிசல் காணும். பூச்சு துணையாகலாம், காவலாகாது. கோடை முடியுமுன் வெடிப்புகளை மண்ணிட்டு இறுக்குதல், சரிவில் புல் வளர்த்தல், கரைமண்ணை அள்ளாதிருத்தல் ஆகியவையே உண்மையான காவல். 2017ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்துக்குப் புத்துயிர் அளித்தது. அரசு பணம் தரலாம். கரையில் நாளும் நடப்பவர் ஊராரே. சிறு வெடிப்பை முதலில் காணும் கண் அவர்களுடையதே அன்றோ? கரை உடைந்தால் விளைந்த பயிரும் அழியும். வரும் கோடைக்குரிய நீரும் போகும். ஆகவே, ஏரி நீரை உண்போர் அனைவரும் அதன் கரைக்கும் கடன்பட்டவர் ஆவர்.